குச்சினில் குச்சி இல்லை: சீன இசைக்கருவிப் பெயர்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வந்த புதிதில், குச்சின் என்ற ஏழு நரம்புக் கருவியை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. பெயர்ப்பலகையில் 'ச்சின்' என்ற எழுத்து இருந்த ஒரு கடையைக் கண்டுபிடித்து உள்ளே போனேன். வரிசையாகப் பியானோ. மூலையில் நாலைந்து வயலின். வேறெதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் கடைக்காரரிடம் "ச்சின் இருக்கா?" என்று கேட்டேன். அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பாத்திரக்கடை நடுவில் நின்றுகொண்டு "பாத்திரம் இருக்கா?" என்று கேட்பவனை எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

தப்பு என்னுடையதுதான். நம் ஊர் 'வண்டி' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்தில் வண்டி என்றால் மாட்டுவண்டி. அப்புறம் புகைவண்டி, மோட்டார் வண்டி, தள்ளுவண்டி எல்லாம் வந்தன. இன்று "வண்டியை எடு" என்றால் யாரும் மாட்டைத் தேடுவதில்லை, பைக் சாவியைத்தான் தேடுகிறார்கள். பழைய வண்டியைச் சொல்ல வேண்டுமென்றால் 'மாட்டு' என்று முன்னால் சேர்த்தாக வேண்டும். ச்சின்னுக்கு நடந்ததும் இதேதான். முதலில் அது ஒரே ஒரு கருவியின் பெயர். பிறகு வந்த கருவிகளெல்லாம் அந்தப் பெயரில் பங்கு கேட்டன. கடைசியில் மூத்தவருக்கே ஓர் அடைமொழி தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது 'குச்சின்' ஆயிற்று. 'கு' என்றால் பழைய.

இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் சீன இசைக்கருவிகளின் பெயர்களில் பாதி தானாகவே அவிழும்.

முதல் படி: வாயில் வரவழைப்பது

ஆங்கில எழுத்தில் இப்போது இதை க்யூ, ஐ, என் என்று எழுதுகிறார்கள். 'க்வின்' என்று படித்துவிடாதீர்கள். "ச்சீ, தள்ளிப் போ" என்கிறோமே, அந்தச் 'ச்ச'தான் இங்கே. கொஞ்சம் காற்று சேர்த்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொல்ல வேண்டும். குரல் கீழிருந்து மேலே ஏற வேண்டும். யாராவது கூப்பிட்டால் "ம்?" என்று கேட்கிறோமே, அதே ஏற்றம். ஏற்றம் இல்லாமல் ஒரே மட்டமாக உயர்த்திச் சொன்னால் அது வேறு சொல். உறவு, நெருக்கம், முத்தம் என்ற பக்கம் போய்விடும்.

'கு' பகுதியில் நமக்கு ஒரு வசதி. ஆங்கிலத்தில் ஜி என்று எழுதியிருப்பதைப் பார்த்து மற்றவர்கள் அதை அழுத்திச் சொல்கிறார்கள். உண்மையில் அது நம் 'குடை'யில் வரும் கு மாதிரிதான். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ச்சின்னை சி, எச் என்று தொடங்கி எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றே, குழம்ப வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. இதே ஒலியில், இதே ஏற்றத்தில் வேறு சொற்களும் உண்டு. சீனாவை முதன்முதலில் ஒரே பேரரசாக்கிய ச்சின் வம்சம் அதில் ஒன்று. சந்தையில் காதில் விழும் ச்சின் பெரும்பாலும் செலரிக்கீரை. எழுத்து வேறு வேறு என்பதால், எழுதிப் பார்த்தால்தான் சந்தேகம் தீரும்.

இரண்டாம் படி: எழுத்தை அடையாளம் காண்பது

நல்ல வேளையாக இந்த எழுத்து, சிங்கப்பூரிலும் சீனாவிலும் பயன்படும் எளிய வடிவத்திலும், ஹாங்காங்கிலும் தைவானிலும் எழுதும் பழைய வடிவத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஒருமுறை படித்தால் போதும். மேல் பாதியில் இரண்டு சின்ன வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொன்றும் மூன்று கிடைக்கோடு, நடுவில் ஒரு நெடுங்கோடு. 'அரசன்' என்ற சீன எழுத்துக்கும் இதே வடிவம்தான். கீழே ஒரு கூரை மாதிரி இருப்பது 'இன்று' என்ற பொருளுள்ள 'ஜின்' எழுத்து. அதற்கு இங்கே பொருள் எதுவும் கிடையாது. ஒலியைக் காட்டத்தான் நிற்கிறது.

அந்த இரட்டை அரசர்களை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிப்பா என்ற நான்கு நரம்புக் கருவியின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளின் தலையிலும் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வழக்கமாக 25 நரம்புகள் கொண்ட 'ஸெ' என்ற பழங்கருவியின் எழுத்திலும் அப்படியே. பெயர்ப்பலகையில் இரட்டை அரசரைப் பார்த்தால் அங்கே இசைக்கருவி சமாசாரம் ஏதோ இருக்கிறது என்று நம்பி உள்ளே போகலாம். என்னைப் போல ஏமாறாமல் இருக்க மூன்றாம் படியையும் படித்துவிட்டுப் போங்கள்.

மூன்றாம் படி: முன்னால் நிற்பது என்ன என்று பார்ப்பது

தமிழர்களுக்கு இது சுலபம். மாட்டுவண்டி, தள்ளுவண்டி என்பதில் கடைசிச் சொல் இனத்தைச் சொல்கிறது, முன்சொல் வகையைச் சொல்கிறது. சீனத்திலும் அதே வரிசைதான். கடைசியில் ச்சின் நின்றால், முன்னால் உள்ளதை மட்டும் கேளுங்கள்.

காங்ச்சின்: காங் என்றால் எஃகு. எஃகு ச்சின் என்றால் பியானோ. பெரிய, இறக்கை விரித்த பியானோவுக்கு 'ஸான்ஜியாவ் காங்ச்சின்' என்று பெயர். முக்கோண எஃகு ச்சின். மேலிருந்து பார்த்தால் பெயர் சரியாகத்தான் இருக்கிறது.

ஃபெங்ச்சின்: ஃபெங் என்றால் காற்று. தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கன் இந்த வகை. அதன் முன்னால் 'கை' என்று பொருள்படும் ஷோ சேர்ந்து ஷோஃபெங்ச்சின் ஆனால் அக்கார்டியன். 'வாய்' என்று பொருள்படும் கோ சேர்ந்த கோச்சின் நம் மவுத் ஆர்கன். நரம்பே இல்லாத கருவிகள்கூட இந்தக் குடும்பத்துக்குள் வந்துவிட்டதைக் கவனியுங்கள். மு, அதாவது மரம், சேர்ந்தால் முச்சின். மரத்துண்டுகளைத் தட்டி வாசிக்கும் சைலபோன்.

திச்சின்: தி என்றால் கையில் தூக்குவது. வயலின் இனத்துக்கான பெயர் இது. முன்னால் சிறிய என்ற ஷியாவ் வந்தால் வயலின், நடு என்ற ஜோங் வந்தால் வியோலா, பெரிய என்ற தா வந்தால் செல்லோ. புதியவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள். 'பெரிய' என்று பார்த்ததும், நின்றுகொண்டு வாசிக்கும் அந்த ஆளுயர டபுள் பாஸ்தான் என்று நினைப்பார்கள். அதற்குப் பெயர் 'தீயின் திச்சின்', தாழ்ந்த குரல் ச்சின். அளவைச் சொல்லும் சொற்கள் செல்லோவோடு தீர்ந்துபோனதால் குரலைப் பிடித்துக்கொண்டார்கள் போலும்.

உருவத்தை வைத்துப் பெயர் பெற்றவையும் உண்டு. யுவெச்சின்னின் உடல் முழுநிலா மாதிரி வட்டம். யுவெ என்றால் நிலா. லியூச்சின்னின் உடல் வில்லோ மரத்து இலை போல. மங்கோலியர்களின் மாதோச்சின்னுக்குக் கழுத்தின் உச்சியில் குதிரைத் தலை செதுக்கியிருக்கும். மாதோ என்றால் குதிரைத் தலையேதான்.

எனக்குப் பிடித்தது யாங்ச்சின்னின் கதை. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய சரிவக வடிவப் பெட்டி, மேலே நெருக்கமாகக் கம்பிகள், இரண்டு மெல்லிய மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிப்பார்கள். காஷ்மீர் சந்தூரைக் கேட்டிருந்தால் இந்த ஒலி உங்களுக்குப் புதிதாக இருக்காது, இரண்டும் ஒரே இனம். மிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கடல்வழியாகக் குவாங்டாங் கரைக்கு வந்து இறங்கிய கருவி இது. அதனால் முதலில் கடல், வெளிநாடு என்று பொருள்படும் யாங் எழுத்தால் எழுதினார்கள். பிறகு, அது நம்மவராகிவிட்டது என்பதாலோ என்னவோ, அதே ஒலியுள்ள வேறொரு யாங்கை வைத்துவிட்டார்கள். அதற்கு உயர்த்துதல், பரப்புதல் என்று பொருள். ஒலியை மாற்றாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் குடியுரிமை கொடுத்துவிட்டார்கள்!

இங்கேதான் தலைப்பு உதவும். குச்சினில் குச்சி இல்லை. வெறும் விரல்தான். குச்சி வைத்திருப்பது யாங்ச்சின். இதை வைத்தே நான் இரண்டையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

நான்காம் படி: வினைச்சொல்லைக் கேட்பது

தமிழில் வீணை மீட்டுகிறோம், குழல் ஊதுகிறோம், பறை அடிக்கிறோம். சீனத்திலும் அப்படித்தான். பேச்சில் ச்சின்னுக்கு முன்னால் அடைமொழி இல்லாவிட்டாலும், வினை காட்டிக்கொடுத்துவிடும்.

'தான்' என்றால் விரலால் சுண்டுவது, அழுத்துவது. "தான் ச்சின்" என்றால் பியானோவாகவோ குச்சினாகவோ இருக்கலாம். 'லா' என்றால் இழுப்பது. "லா ச்சின்" என்றால் வில்லால் இழுக்கும் வயலின் வகையறா அல்லது அர்ஹு என்ற இரண்டு நரம்புக் கருவி; இழுத்து மூடும் அக்கார்டியனுக்கும் லாதான். 'சுவெய்' என்றால் ஊதுவது, ஆகவே மவுத் ஆர்கன். 'தா' என்றால் அடிப்பது, யாங்ச்சின்னுக்கு. குச்சினுக்கு மட்டும் 'ஃபு' என்று இன்னொரு வினை உண்டு. தடவிக்கொடுப்பது என்று பொருள். கவிதையிலும் சரித்திர நாடகத் தொடர்களிலும் இது வரும். பியானோ வகுப்புக்குப் போகும் பிள்ளையைப் பார்த்து யாரும் இந்த வினையைச் சொல்வதில்லை, சொன்னால் கிண்டல்.

எண்ணும் சொல்லும் உதவும். வாழைப்பழத்தைச் சீப்பு என்றும் தார் என்றும் எண்ணுகிறோம் அல்லவா? சீனத்தில் எல்லாப் பொருளுக்கும் அப்படி ஒரு சொல் உண்டு. கையால் பிடிக்கும் கழுத்துள்ள வயலின், கிதார், அர்ஹு என்றால் 'பா'. பியானோ என்றால் 'ஜியா'. குச்சின் என்றால் 'ஜாங்'. தாளையும் மேசையையும் எண்ணும் அதே சொல், தட்டையானவற்றுக்கு உரியது. குச்சின் வட்டாரத்தில் 'சுவாங்' என்றும் எண்ணுவார்கள். அதன் நேர்ப்பொருள் கட்டில். ஒரு கட்டில் ச்சின் என்று ஒருவர் சொன்னால் அவர் குச்சின் கற்றவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஐந்தாம் படி: வெறும் ச்சின் எதைக் குறிக்கிறது?

இன்றைய பேச்சில், வீட்டில், பள்ளியில் வெறும் ச்சின் என்றால் அங்கே உள்ளவர் வாசிக்கும் கருவி எதுவோ அது. "லியென் ச்சின்" என்றால் பயிற்சி செய்வது. அந்த வீட்டில் பியானோ இருந்தால் பியானோ. 'ச்சின்ஃபாங்' இசைப்பயிற்சி அறை. 'ச்சின்ஹாங்' இசைக்கருவிக் கடை. நான் நுழைந்தது இப்படி ஒரு ச்சின்ஹாங்தான்.

பழைய கவிதை, ஓவியம், பழமொழி, வரலாறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏழு நரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். படித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய நான்கு கலைகள் என்று ச்சின், வெய்ச்சி என்ற பலகை ஆட்டம், எழுத்துக்கலை, ஓவியம் ஆகியவற்றைச் சேர்த்து 'ச்சின், ச்சி, ஷு, ஹுவா' என்பார்கள். வரிசையில் முதலில் நிற்பது இந்தப் பழைய ச்சின்தான்.

அந்த மூத்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர மனமில்லை. ஏறக்குறைய 120 செ.மீ. நீளமான குறுகிய மரப்பலகை, உள்ளே குடைந்தது. வீணைக்கு உள்ளதுபோல் மெட்டுகள் கிடையாது, நரம்பின் நடுவில் தாங்கும் குதிரைகளும் கிடையாது. ஓரமாக 13 சிப்பிப் புள்ளிகள் பதித்திருக்கும். 12 மாதமும் ஓர் அதிமாதமும் என்று மரபில் விளக்கம் சொல்வார்கள். ஆதியில் ஐந்து நரம்பு இருந்ததாகவும், ஜோ வம்சத்து மன்னர்களான வென், வூ இருவரும் ஆளுக்கு ஒன்று சேர்த்ததாகவும் ஒரு கதை. மண்ணுக்கு அடியில் கிடைத்தவை வேறு கதை சொல்கின்றன. 1978-இல் ஹுபெய் மாநிலத்தில் தோண்டிய, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெங் குறுநில மன்னர் யீயின் கல்லறையில் கிடைத்த ச்சின்னுக்குப் பத்து நரம்பு. 2003-இல் யுனெஸ்கோ குச்சின் இசையைச் சிறப்பித்து அறிவித்தது. 2008-இல் அது யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது.

நல்ல ச்சின் ஒவ்வொன்றுக்கும் கோயில் யானைக்கு உள்ளதுபோல் தனிப்பெயர் உண்டு, அடிப்பலகையில் செதுக்கியிருப்பார்கள். ஹான் காலத்து அறிஞர் ட்ஸாய் யோங் பற்றி ஒரு கதை. அடுப்பில் எரிந்துகொண்டிருந்த ஒரு கட்டையின் சடசட ஒலியைக் கேட்டே, இது அருமையான மரம் என்று உருவி எடுத்து ச்சின் செய்தாராம். வால் பக்கம் கருகியது அப்படியே நின்றது. அதன் பெயர் 'ஜியாவ்வெய்', கருகிய வால். இன்றும் குச்சினின் வால்பகுதிக்கு, அது கருகியிருக்காவிட்டாலும், இதே பெயர்தான்.

ஆறாம் படி: ஏமாற்றும் பெயர்கள்

முதலில் குஜெங். இதிலும் 'பழைய' என்ற கு இருக்கிறது, இதுவும் கிடைமட்டமாக வைத்து வாசிப்பது. ஆகவே புதியவர்களில் பெரும்பாலானோர் இதைக் குச்சின் என்று நினைத்துவிடுகிறார்கள். வித்தியாசம் காண ஒரு நிமிடம் போதும். குஜெங் பெரியது, இப்போது வழக்கமாக 21 நரம்பு. ஒவ்வொரு நரம்புக்கும் அடியில் நகர்த்தக்கூடிய ஒரு குதிரை நிற்கும். வாசிப்பவர் விரல்களில் பொய்நகம் கட்டியிருப்பார். அருவி கொட்டுவது போல ஒலித்தால் குஜெங். பக்கத்து அறையில் யாரோ யோசித்து யோசித்துப் பேசுவதுபோல் இருந்தால் குச்சின்.

அடுத்தது அர்ஹு. அர் என்றால் இரண்டு, இரண்டு நரம்பு. ஹு என்றால் வடக்கிலும் மேற்கிலும் வாழ்ந்த பிற இனத்தாரைப் பழைய சீனர் அழைத்த பெயர். முழுப்பெயர் ஹுச்சின், அதாவது அந்த ஊர்க்காரர்களின் ச்சின். நாளடைவில் ச்சின் உதிர்ந்து ஹு மட்டும் குடும்பப்பெயராகிவிட்டது. உச்சக் குரலுள்ளது காவ்ஹு. 1920-களில் கான்டன் இசைக்கலைஞர் லூ வென்செங் உருவாக்கியது. நடுக்குரல் ஜோங்ஹு. பெய்ஜிங் ஆப்பராவுக்கு ஜிங்ஹு. முகப்பில் தோலுக்குப் பதில் பலகை இருந்தால் பான்ஹு. அர்ஹு வாங்கி ஊருக்குக் கொண்டுவர எண்ணினால் முகப்பு என்ன தோல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக மலைப்பாம்புத் தோல் என்பதால் எல்லை தாண்ட அதற்குரிய அனுமதித் தாள்கள் வேண்டும்.

ஜப்பானில் இதே ச்சின் எழுத்தைக் 'கோதோ' என்று படிப்பார்கள். ஆனால் இன்றைய கோதோ, குஜெங்கின் மூதாதையான ஜெங்கின் வழிவந்தது, ச்சின்னின் வழிவந்ததல்ல. கொரியாவில் அதே எழுத்து 'கும்'. 12 நரம்புக் கயாகும் என்ற பெயரின் கடைசியில் இருப்பது அதுதான். வியட்நாமில் பியானோவுக்குள்ள ஒரு பெயர் 'யுவொங் கம்'. பிரித்துப் பார்த்தால் கடல் கடந்து வந்த அதே பழைய யாங், அதே ச்சின்.

ஏழாம் படி: பேச்சில் பயன்படுத்துவது

இரண்டே தொடர்கள் போதும். "துய் நியூ தான் ச்சின்" என்றால் மாட்டுக்கு முன்னால் ச்சின் வாசிப்பது. நாம் செவிடன் காதில் ஊதிய சங்கு என்போம். ஆனால் அந்த மூலக்கதையில் பாதியைத்தான் ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். கோங்மிங் யீ என்பவர் உயர்ந்த இசையை வாசித்தார், மாடு புல் மேய்ந்துகொண்டே இருந்தது. அப்புறம் கொசுவின் ரீங்காரத்தையும் கன்று கத்துவதையும் நரம்பில் எழுப்பினார். மாடு வாலை ஆட்டி, காதை நிமிர்த்திக்கொண்டு கேட்டது. இந்தக் கதையைச் சொன்னது ஒரு பழைய பௌத்த நூல். கன்பூசிய அறிஞர்களோடு வாதாடும்போது ஏன் சூத்திரங்களை விட்டுவிட்டு அவர்கள் நூல்களையே மேற்கோள் காட்டுகிறாய் என்ற கேள்விக்குப் பதிலாக வந்தது. ஆகவே இந்தத் தொடரை எதிராளியைத் திட்டவும் பயன்படுத்தலாம், ஆளறியாமல் பேசிய நம்மையே கடிந்துகொள்ளவும் பயன்படுத்தலாம். பெரியவர்களிடம் முதல் வகையில் சொல்லிவிடாதீர்கள், மாடு என்பது யார் என்று அவர்களுக்குப் புரியும்.

இன்னொன்று 'ஜியின்'. ஒலியை அறிந்தவர் என்று நேர்ப்பொருள், உயிர்நண்பர் என்று வழக்கு. போயா என்ற கலைஞர் ச்சின் வாசித்தால் அவர் மலையை நினைக்கிறாரா, ஓடும் நீரை நினைக்கிறாரா என்று அவர் நண்பர் ஜோங் ஸிச்சிக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரியுமாம். ஸிச்சி இறந்ததும் போயா ச்சின்னை உடைத்துவிட்டார். இந்த நட்பின் நினைவாக வூஹான் நகரின் ஹன்யாங் பகுதியில் ஒரு மேடை இருக்கிறது, பெயர் குச்சின்தாய். 'ஓடும் நீர்' என்ற பெயரில் ஒரு குச்சின் இசையும் உண்டு. குவான் பிங்ஹு வாசித்ததை 1977-இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் வைத்து அனுப்பினார்கள். இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் குரலும் அதே தட்டில் போகிறது. குச்சின் எப்படி ஒலிக்கும் என்று காது பழக அந்த ஏழரை நிமிடத்திலிருந்து தொடங்கலாம்.

கடைசியாக ஒரு பயிற்சி. கழுத்து நீண்ட ஒரு சீனக் கருவி, உடல் பிளம் பூ வடிவத்தில் இருக்கும். அதன் பெயர் ச்சின்ச்சின். அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாம் படியை எடுத்துக்கொள்ளுங்கள்: கடைசி ச்சின் நம் குடும்பப்பெயர். முன்னால் நிற்பது முதல் படியில் பார்த்த ஒலியொற்றுமைக்காரர்களில் ஒருவர். நிச்சயமாகச் செலரி அல்ல.